நானூறு லிட்டர் கடல்

டெலிபோன் அலறியது.

காலை மணி பத்து. மதுரை, மேலமாசி வீதி. வண்ண மீன் கடை நடத்தும் காசிமாயன், கையிலிருந்த வலையைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு ரிசீவரை எடுத்தான்.

"காசிமாயனா? நான் ராஜாராமன் பேசறேன். ஒத்தக்கடை. நேத்து சாயங்காலம் வந்தேனே..."

ஞாபகம் வந்தது. டெலிபோன் ஆபீஸில் வேலை. நாற்பதைத் தாண்டிய, கூச்ச சுபாவமுள்ள மனிதர். கடல் மீன் வளர்ப்பது இதுதான் முதல் தடவை என்றார். அறுபது லிட்டருக்குக் கடலுப்புப் பொடியும், உப்பின் அளவு பார்க்க ஒரு கண்ணாடி மிதவையும் வாங்கிப் போனார்.

"சொல்லுங்க சார். தண்ணி கலந்தாச்சா?"

"கலந்துட்டேன். ஆனா மிதவை பதினெட்டுலேயே நிக்கறது. சமுத்திரத்துல எவ்வளவு காட்டும்?"

"இருபத்தஞ்சு. உப்பு இன்னும் பத்தல. ஒரேயடியாக் கொட்டிறாதீக. கொஞ்சங் கொஞ்சமாப் போட்டு, கரைஞ்சப்பறம் மிதவையப் பாருங்க. குழாத் தண்ணியா?"

"ஆமாம்."

"அப்ப குளோரின் இருக்குமே. ஒரு நா தெறந்து வச்சுட்டுத்தான் உப்பே போடணும்னு சொன்னேன்ல? போட்டப்பறம் இன்னொரு நா முழுக்கப் பம்பு வச்சுக் காத்து ஓட்டணும்."

"அதுக்கெல்லாம் நேரமில்லை. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ரெடியாகணும்."

காசிமாயன் நெற்றியைச் சுருக்கினான்.

"எம்புட்டுத் தண்ணி கலக்குறீக?"

"நானூறு லிட்டர். கொல்லையில சிமெண்டுத் தொட்டி இருக்கு."

"நானூறா? அறுபதுக்குத்தானே உப்பு வாங்குனீக?"

"மீதிக்குக் கல்லுப்பு. இங்கேயே மளிகைக் கடையில மூட்டையா வாங்கினேன்."

"அது சோத்துக்கு ஆகும், மீனுக்கு ஆகாது சார். கடல்ல பேதியுப்பு, சுண்ணாம்புன்னு என்னென்னமோ இருக்கு. வெறும் கல்லுப்புல விட்டா மீனு செத்துரும்."

"மீன்... இப்ப இல்லை."

"இல்லையா?"

"மீனைப் பத்தி அப்புறம் பார்த்துக்கலாம். தண்ணி மட்டும்... அப்படியே ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக் கடல் மாதிரி இருக்கணும். நாளைக்கு... அவளைக் கூட்டிண்டு... மண்டபம்..."

குரல் குழறியது. காலை பத்து மணிக்கே குடித்திருக்கிறாரா?

எங்கோ தூரத்தில் ஒரு பெண்ணின் குரல்.

"ஏன்னா... எங்க இருக்கேள்?"

கண்ணாடி நொறுங்கும் சத்தம். கனமாக எதுவோ விழும் சத்தம்.

லைன் செத்தது.

காசிமாயன் நேற்றைய பில் புத்தகத்தைப் புரட்டி, அவர் விலாசத்தோடு எழுதிக் கொடுத்திருந்த நம்பரைச் சுழற்றினான். எங்கேஜ்டு. மறுபடி சுழற்றினான். அதே சத்தம்.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

கடை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் கேட்டான். இன்ஸ்பெக்டர் விருமாண்டி. காசிமாயனின் தங்கை புருஷன். இன்று டூட்டி மதியத்துக்கு மேல்தான். யூனிஃபார்ம் இல்லாமல், மகள் வளர்க்கும் மீன்களுக்குத் தீனி வாங்க வந்திருந்தான்.

காசிமாயன் சொன்னான். விருமாண்டி சிரித்தான்.

"புதுசா மீன் வளக்குறவன். ஆசையில அளவு தெரியாமக் கலக்குறான். இதுக்குப் போயி..."

"இல்ல மாப்ள. பதினஞ்சு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். புதுசா வர்றவன் மொதல்ல மீனத்தான் கேப்பான். என்ன கலரு, என்ன வெலைன்னு. தண்ணியப் பத்தி நானாச் சொன்னாலும் காதுல ஏறாது. இந்த மனுசன் மீனையே கேக்கல. கடல மட்டும் கேக்குறாரு."

உதடு வரை போன டீ டம்ளர் நின்றது.

"நாளைக்குப் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மண்டபம் போறேன்னாரா?"

"ஆமா."

"தண்ணியில மூழ்கிச் செத்த பொணத்த அறுத்தா, நுரையீரல்ல தண்ணி இருக்கும் மச்சான். மண்டபத்துல ஒதுங்குன பொணத்துக்குள்ள குழாத் தண்ணி இருந்தா டாக்டர் கேள்வி கேப்பாரு. உப்புத் தண்ணி இருந்தா..."

"கேக்க மாட்டாரு."

விருமாண்டி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான்.

"ஜீப்புல ஏறு."

வைகைப் பாலத்தைக் கடந்து, மேலூர் ரோட்டில் ஜீப் சீறியது. யானைமலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் ஓர் ஆட்டு மந்தை ரோட்டை அடைத்தது. விருமாண்டி ஹாரனை அழுத்தினான். ஆடுகள் அவசரப்படவில்லை.

"நாந்தான் மாப்ள சொல்லிக் குடுத்தேன். லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம்னு, காயிதத்துல எழுதி வேற குடுத்தேன். அந்தப் பொம்பளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா..."

"பொலம்பாம வழியச் சொல்லு."

ஒத்தக்கடை. புதிதாகப் பிளாட் போட்ட பொட்டலில், பூசாத சுவர்களோடு தனியாக ஒரு வீடு. விருமாண்டி ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்தினான். இருவரும் நடந்தார்கள்.

கதவைத் தட்டினான்.

பதில் இல்லை.

இன்னும் பலமாகத் தட்டினான். தாழ்ப்பாள் விலகியது.

முப்பத்தைந்து வயதுப் பெண். புடவை இடுப்பு வரை நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது. ஆனால்... உயிரோடு இருந்தாள்.

காசிமாயனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ராஜாராமன் சார் சம்சாரமா?" விருமாண்டி கேட்டான்.

"ஆமாம். அனந்தலக்ஷ்மி. நீங்க யாரு?"

"போலீஸ். உங்களுக்கு ஒண்ணுமில்லையே?"

"போலீஸா... எனக்கென்ன? துணி தோய்ச்சிண்டிருக்கேன்."

"சார் எங்க?"

"ராமேஸ்வரம் போயிருக்கார். விடிகாலை அஞ்சு மணி பஸ்ஸுக்கே கிளம்பிட்டார். சமுத்திர ஸ்நானம் பண்ணணும்னு ரொம்ப நாளாச் சொல்லிண்டிருந்தார்."

விருமாண்டி மெதுவாகத் திரும்பிக் காசிமாயனைப் பார்த்தான்.

காசிமாயன் ஓரடி முன்னால் வந்தான்.

"அம்மா... நான் மீன் கடைக்காரன். பத்து மணிக்கு சார் எங்கிட்டப் போன்ல பேசுனாரு. இந்த வீட்லருந்து."

அவள் ஒரே ஒரு தடவை, கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அது போதும்.

இருவரும் அவளைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார்கள். ஹாலில் டெலிபோன் ரிசீவர் தொங்கியது; கீழே உடைந்த மிதவையின் கண்ணாடிச் சில்லுகள். கொல்லையில் சிமெண்டுத் தொட்டி. கரையாத உப்பால் பால் போல் கலங்கிய தண்ணீர். அதில் குப்புற, வேட்டி பரவ... ராஜாராமன்.

கடல் கலந்தவரே கடலுக்குள் கிடந்தார்.

"தூக்கு மச்சான்."

தூக்கித் தரையில் குப்புறப் போட்டார்கள். காசிமாயன் மண்டபத்தில் மூன்று வருஷம் படகில் போனவன். முதுகில் இரு கைகளையும் வைத்து அழுத்தினான். விட்டான். அழுத்தினான்.

அசைவில்லை.

"போதும் மச்சான். போயிட்டாரு."

"பேசாம இரு மாப்ள."

அழுத்தினான். இன்னும் ஒரு தடவை. இன்னும் ஒரு தடவை...

வாயிலிருந்து குபுக்கென்று தண்ணீர் கொட்டியது. ராஜாராமன் இருமினார்.

கண் திறக்க ஐந்து நிமிஷம் ஆனது. பேச இன்னும் ஐந்து நிமிஷம்.

"காபி குடிச்சுட்டுப் பேசிண்டிருந்தேன்... தலை சுத்தித்து. கால் வழுக்கிடுத்து போலிருக்கு. அனந்தா பயந்திருப்பா. ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்கோ."

காசிமாயன் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இம்புட்டுத் தண்ணி எதுக்கு சார்?" விருமாண்டியின் குரல் தணிந்திருந்தது.

"அவளுக்குத்தான். கல்யாணமாகிப் பன்னண்டு வருஷம். எங்கிட்ட எதையுமே கேட்டதில்லை. கடல் மீன் வளர்க்கணும்னு முதல் தடவையா ஆசைப்பட்டா. மண்டபத்துக் கடல் மாதிரியே நானூறு லிட்டர் இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள கலந்து வைங்கோ, மீனை மண்டபத்துல நானே பொறுக்கிக்கறேன்னா."

கொல்லைக் கதவோரம் அனந்தலக்ஷ்மி நின்றிருந்தாள். ஓடவில்லை. அழவுமில்லை.

விருமாண்டி அவளிடம் போனான்.

"காபியில எத்தன மாத்திர போட்ட?"

"ஆறு."

"ஹால்ல விழுந்தவர இழுத்துக்கிட்டு வந்து தொட்டியில தள்ள முக்கா மணி நேரம் ஆயிருக்கு. அதான் பொழச்சாரு. சரி, இவர மண்டபம் வரைக்கும் எப்பிடிக் கொண்டு போறதா இருந்த? பஸ்ஸுலயா?"

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஹாரன் இரண்டு தடவை மெலிதாக ஒலித்தது.

விருமாண்டி உதட்டில் விரலை வைத்தான். அனந்தலக்ஷ்மியைக் காசிமாயன் பக்கம் தள்ளிவிட்டு, ஹாலுக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றான்.

செருப்புச் சத்தம் படியேறியது. தாழ்ந்த ஆண் குரல்.

"அனந்தா... முடிஞ்சுதா?"

தரையில் கிடந்த ராஜாராமன் தலையை உயர்த்தினார்.

"கல்யாணராமன் குரல் மாதிரி இருக்கே. எங்க ஆபீஸ்தான். பக்கத்து சீட். வீட்டுல மீன் வளர்த்தா மனசுக்கு நிம்மதின்னு எங்கிட்ட முதல்ல சொன்னதே அவன்தான். அவன் எதுக்கு இங்க..."

பாதியில் நிறுத்தினார்.

மனைவியைப் பார்த்தார். அவளுடைய நனைந்த புடவையைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ராஜாராமன் கண்களை மூடிக்கொண்டார். மூடிய இமைகளின் ஓரத்தில் நீர் வழிந்தது.

உள்ளே காலடிகள் நெருங்கின.

"அனந்தா, வேனைப் பின்பக்கமா நிறுத்தட்டுமா? சீக்கிரம் ஏத்திடலாம்."

கதவு மூடப்பட்டது. கல்யாணராமன் திடுக்கிட்டுத் திரும்பினான். விருமாண்டி அவன் தோளில் கை போட்டான்.

"ஏத்திரலாம் சார். ஆனா வண்டி எங்களோடது."