காகிதம் ஆடவில்லை

பண்ணைக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் தமயந்தி எழுந்து நின்று பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். பாதி வரியில் அப்படியே நின்றுவிட்டாள். கண்கள் எங்கோ பார்த்தன.

"என்ன, வேடிக்கையா?" என்று அதட்டினார் வாத்தியார் திருமலைச்சாமி.

"இல்ல சார், வாசிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

வகுப்பே சிரித்தது.

"பொய் வேற சொல்றியா? ஏறு பெஞ்சு மேல!"

அந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. விஷயம் தெரிந்ததும் அம்மா பாப்பம்மாளுக்குக் கோபம் வந்தது.

"நீ படிச்சது போதும். நாளைக்கு என்கூட காப்பித் தோட்டத்துக்கு வா."

அக்கா வடிவுக்கு மனசு கேட்கவில்லை. எட்டு வயதுத் தங்கை குறும்புக்காரிதான். ஆனால் பொய் சொல்ல மாட்டாளே!

நான்கு நாள் தங்கையைக் கவனித்தாள். அடுப்பை ஊதும்போது இரண்டு முறை, மேட்டில் ஓடி மூச்சு வாங்கும்போது ஒரு முறை, தமயந்தி சிலைபோல நின்றாள். வடிவு பத்து எண்ணுவதற்குள் தெளிந்துவிட்டாள்.

"அம்மா, இது சேட்டை இல்ல. ஒரு தடவ டாக்டரம்மாகிட்ட காட்டுவோம்" என்று நச்சரித்து, சனிக்கிழமை இருவரையும் கோடைக்கானல் பஸ்ஸில் ஏற்றி, தானும் கூடப் போனாள்.

டாக்டரம்மா சின்ன ரப்பர் சுத்தியலால் தமயந்தியின் முழங்காலில் தட்டினார். கால் தானாகத் துள்ளியது. தமயந்தி கிளுகிளுவென்று சிரித்தாள். பிறகு கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கோட்டின் மேல் நடக்கச் சொன்னார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு!"

அம்மா வடிவை முறைத்தாள். வடிவு மேசைப் பக்கம் நகர்ந்தாள்.

"டாக்டரம்மா, அவள ஊதச் சொல்லிப் பாருங்க. அடுப்பு ஊதுறப்பதான் நின்னு போறா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஒரு காகிதத் துண்டைக் கிழித்துத் தமயந்தியின் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"இத விடாம ஊதும்மா."

காகிதம் படபடத்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். சட்டென்று ஆட்டம் நின்றது. தமயந்தியின் இமைகள் மட்டும் துடித்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பதில் இல்லை. பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஊதினாள்.

"இது ஒரு வகை வலிப்பு. மூளை சில நொடி நின்னுட்டு மறுபடி வேலை செய்யுது. வேகமா மூச்சு விட்டா சீக்கிரம் வரும். அந்த நேரத்துல நடக்கிறது அவளுக்கே தெரியாது. மருந்து இருக்கு, பயப்படாதீங்க. மெட்ராஸ்ல மூளையில ஓடுற மின்சாரத்தைக் கோடு கோடா வரையற மிஷின் இருக்கு. அதுலயும் பார்த்துக்கலாம். வாத்தியாருக்கு நான் லெட்டர் தர்றேன், பள்ளிக்கூடத்த நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

பிறகு வடிவைப் பார்த்துச் சிரித்தார். "என் சுத்தியலுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்கே!"

திரும்பும் பஸ்ஸில் தமயந்தி கேட்டாள்: "அக்கா, நான் நெசமாவே நின்னுட்டேனா?"

"ஆமாடி."

இரண்டு வளைவு போகும்வரை தமயந்தி யோசித்தாள்.

"அப்ப, நான் சார்கிட்ட பொய் சொல்லலதான?"

வடிவு வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"இல்ல கண்ணு. நீ சொல்லவே இல்ல."

பஸ்ஸில் இடம் நிறையக் கிடந்தது. இருந்தும் அம்மா தமயந்தியைத் தூக்கித் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.