மடிமாற்று

சந்திரகாந்தம் குடியிருப்பின் லிஃப்ட் யாருடைய பெயரையும் கேட்காது. மணிக்கட்டை மட்டும் பார்க்கும். தோலுக்கடியில் பதித்த அரண்மணி பச்சையாக ஒளிர்ந்தால் கதவு திறக்கும். சிவப்பாக ஒளிர்ந்தால் பின்பக்கத்துப் படிக்கட்டு இருக்கவே இருக்கிறது, முப்பத்திரண்டு மாடிக்கும்.

வீட்டுவேலை செய்யும் எஸ்தரின் மகள் ஜெனிபாவுக்குச் சிவப்பு மணி. ஒன்பது வயதுப் பெண் மூச்சிரைக்க ஏறி வருவதைப் பார்த்தால் பதினான்காம் மாடி சுமித்ராவுக்கு உடனே இரக்கம் வந்துவிடும்.

"பாவம், என்ன ஜனமோ! புள்ளைக்கு வேளாவேளைக்குத் தடுப்பு மருந்து போடணும்னுகூடத் தெரியல பாருங்க" என்பாள். சொல்லும்போது தன் மகள் ஆராதனாவின் பச்சை மணியை, புது வளையல் காட்டுவதுபோலக் கொஞ்சம் முன்னால் நீட்டிப் பிடிப்பாள்.

அந்தப் பச்சை எப்படி வந்தது என்று லிஃப்டுக்குத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும்.

அரண்மணி குழந்தை பிறந்த மறுநாள் பதிக்கப்படுவது. ஊசிகள் ஒழிந்து ஒட்டுமருந்து வந்த காலத்தில் கூடவே வந்தது. விரல் நீளப் பட்டையைக் கையில் ஒட்டினால் போதும். சூடான தோல் பட்டதும் மருந்து உள்ளே இறங்கும், பட்டை ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும் மணிக்கு "போட்டாயிற்று" என்று செய்தி அனுப்பும். கண்டுபிடித்தவர் நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். மருந்து இறங்கும் உடம்பும் பக்கத்திலிருக்கும் மணியும் ஒரே பிள்ளையுடையவை என்று நம்பிவிட்டார். அவர் சந்திரகாந்தத்துத் தாய்மார்களைச் சந்தித்ததில்லை.

தொடங்கி வைத்தது குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஹேமலதாதான். அவள் மகன் நிகிலனுக்குத் தட்டம்மைப் பட்டை ஒட்ட வேண்டிய அதே வாரத்தில் காதுகுத்து. முந்நூறு பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. பட்டை ஒட்டினால் ஒரு நாள் காய்ச்சல் வரலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காய்ச்சலடிக்கும் பிள்ளையை மாமன் மடியில் எப்படி உட்கார வைப்பது? போட்டோவில் அழுமூஞ்சியாக விழாதா?

செங்கல் சூளை சூளையாக மாறித் திரிந்ததில் எல்லாத் தடுப்பு மருந்தும் விட்டுப்போன நாலு வயது ஜெனிபாவை எஸ்தர் அப்போதுதான் அந்தக் குடியிருப்புக்குக் கூட்டி வந்திருந்தாள்.

"எஸ்தர், உன் பொண்ணை இந்தத் தொடையில உக்கார வை" என்றாள் ஹேமலதா. "நல்ல மருந்து. அவளுக்கும் புண்ணியமாப் போகட்டும்."

ஒரு தொடையில் நிகிலன், மறு தொடையில் ஜெனிபா. பட்டை ஜெனிபாவின் மணி இல்லாத கையில், நிகிலனின் மணிக்கட்டை ஒட்டி. பச்சை நிகிலனின் மணியில். காதுகுத்து அமோகமாக நடந்தது.

ஒருத்தி செய்தால் மற்றவள் சும்மா இருப்பாளா? ஒரு பிள்ளைக்கு மழலைப்பள்ளி நேர்முகத் தேர்வு, இன்னொன்றுக்கு சிங்கப்பூர் விமானம், ஆராதனாவுக்குப் பிறந்தநாள் விழா. ஏழு பிள்ளைகள். மடிமாற்று என்று அதற்குப் பெயர்கூட வந்துவிட்டது. வாய்விட்டுச் சொன்னவர்தான் இல்லை. ஜெனிபாவுக்கு இத்தனை முறை ஒட்டியாகிவிட்டதே, தனியாக எதற்கு என்று எஸ்தர் இருந்துவிட்டாள். அதனால் அவள் உடம்பு நிறைய மருந்து, மணி மட்டும் சிவப்பு. மற்ற ஏழு பேருக்கு நேர்மாறு.

இந்த ஆனி மாதம் தட்டம்மை திரும்பி வந்தது. இருபத்திரண்டாம் மாடியில் எட்டு மாதக் குழந்தை ஒன்று இறந்தது. மருந்து போடும் வயதே வராத குழந்தை. வீட்டையும் லிஃப்டையும் தவிர அது வேறெங்கும் போனதில்லை. பச்சை மணிக்காரர்கள் மட்டும் ஏறும் லிஃப்டில் நோய் எப்படி ஏறியது என்று துக்கத்துக்கு வந்த ஒருவரும் கேட்கவில்லை. ஹேமலதா மட்டும் வீட்டுக்கு வந்து, தூங்கும் நிகிலனின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

சுகாதாரத் துறை முகாம் அறிவித்தது. விட்டுப்போன பிள்ளைகளுக்கு மட்டும். சிவப்பு மணி ஒன்றுக்கு ஒரு பட்டை. சந்திரகாந்தத்தில் சிவப்பு மணிப் பிள்ளை ஒன்றே ஒன்றுதான்.

ஹேமலதா முதல் தடவையாகப் பின்பக்கப் படியிறங்கி எஸ்தரின் அறைக்குப் போனாள்.

"ஒரு உதவி எஸ்தர்."

"என்ன மேடம், மறுபடி மடியா?"

"தலைகீழா. ஜெனிபாவுக்கு வர்ற பட்டைய நிகிலனுக்கு ஒட்டிடலாம். பச்சை இவளுக்கு வந்துடும். இவ ஒடம்புலதான் ஏற்கெனவே மருந்து இருக்கே."

எஸ்தர் யோசித்தாள். பச்சை வந்தால் மகள் பள்ளியின் வராந்தாவை விட்டு வகுப்புக்குள் போய் உட்காரலாம்.

"எனக்குச் சம்மதம் மேடம். ஆனா காலையில பதினாலாம் மாடி மேடமும் இதையேதான் கேட்டாங்க."

"சுமித்ராவா? நீ என்ன சொன்ன?"

"வர்றது ஒரு பட்டை. யார் புள்ளைக்குன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க."

பேசுவதென்றால் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மாலை இருவரும் ஒரே லிஃப்டில் ஏறினார்கள். தண்ணீர் லாரி இரண்டு நாளாக வராததைப் பற்றி விரிவாகப் பேசிக்கொண்டார்கள்.

முகாமன்று ஹேமலதா நிகிலனோடு முதலிலேயே வந்து ஜெனிபாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"செயலாளரே இப்படிப் பண்ணலாமா?" சுமித்ராவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "சிவப்பு மணிகிட்டேர்ந்து ஆறடி தள்ளி நிக்கணும்னு போன வருஷம் தீர்மானம் போட்டதே நீங்கதான?"

எல்லாத் தலைகளும் திரும்பின. ஹேமலதா எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். அப்படிச் சொன்ன வாயோடு சுமித்ராவும் இனி கிட்டே போக முடியாது. ஜெனிபா நடுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தேவையே இல்லாத பட்டையை எட்டாவது தடவையாக அவள் கையிலேயே ஒட்டினார்கள். மணி பச்சையானது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"வேற யாருக்காவது விட்டுப்போயிருக்கா?" என்று கேட்டார் சுகாதார அலுவலர். "இப்பவே ஒப்புக்கிட்டு ஒரு கைரேகை வைங்க, நாளைக்கே மருந்து வந்துடும்."

கைரேகை வைத்தால் பிள்ளையின் மணி அங்கேயே சிவக்கும். பள்ளி இடம் போகும். லிஃப்ட் திரையில் பெயர் வரும். ஹேமலதா சுமித்ராவைப் பார்த்தாள். சுமித்ரா தரையைப் பார்த்தாள்.

"எங்க டவர்ல அப்படி யாரும் இல்ல சார்" என்று ஹேமலதா செயலாளராகக் கையெழுத்திட்டாள்.

பதினோராம் நாள் நிகிலனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினாள். கண் சிவந்திருந்தது, மூச்சு விசிலடித்தது, முகமெல்லாம் தடிப்பு. காய்ச்சல் நோயாளிகளை அங்கே முதலில் பார்ப்பது நோய்நோக்கி எந்திரம். அது வகை பிரித்து அனுப்பிய பிறகே மருத்துவர். எந்திரம் முதலில் பார்த்தது மணிக்கட்டை.

"தடுப்பு முழுமை. தட்டம்மைக்கு வாய்ப்பில்லை. ஒவ்வாமை. பொது வார்டு."

"இல்ல, அவனுக்குப் போடவே இல்ல! நான்தான் ஏமாத்தினேன்" என்று கத்தினாள் ஹேமலதா. இத்தனை நாள் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது, கூடமே கேட்டது. "வேற ஒரு பொண்ணு கையில ஒட்டிட்டேன்!"

"பதற்றத்தில் பெற்றோர் கூறுவது பதிவை மாற்றாது" என்றது எந்திரம் கனிவாக. "உறுதி செய்ய, பச்சை மணி உள்ள வேறொரு குடும்பத்துப் பெரியவர் சாட்சி தேவை."

ஹேமலதா திரும்பினாள். வரிசையில் அடுத்து நின்றது சுமித்ரா. தோளில் ஆராதனா துவண்டு கிடந்தாள்.

"சுமி, உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லுடீ. உன் புள்ளைக்கும் சேர்த்துத்தான்."

வரிசையில் குடியிருப்புக்காரர்கள் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். எல்லோரும் சுமித்ராவையே பார்த்தார்கள்.

"பாவம், புள்ளைக்கு முடியலைன்னதும் கலங்கிட்டாங்க" என்றாள் சுமித்ரா எந்திரத்திடம். "எங்க டவர்ல அப்படியெல்லாம் நடக்காது."

காவலர்கள் ஹேமலதாவைப் பொது வார்டுப் பக்கம் நடத்திச் சென்றார்கள். அடுத்த எண் ஒலித்தது. சுமித்ரா மகளின் கையை நீட்டினாள்.

"தடுப்பு முழுமை. தட்டம்மைக்கு வாய்ப்பில்லை" என்றது எந்திரம்.

"தேங்க்ஸ்" என்றாள் சுமித்ரா, மகளின் காதுக்குப் பின்னால் அன்று காலை கிளம்பிய சிவந்த தடிப்பின் மேல் முடியை இழுத்துவிட்டபடி.