தம்பாக்கி சொன்ன சாட்சி

"இந்தத் தம்பாக்கி மீனை எங்க பிடிச்சீங்க?"

"ஆத்துல."

தோளில் மீனோடு நின்றவன் இமைக்காமல் சொன்னான். நல்ல கண்கள்... மழைக்கு முந்திய வானம்போலக் கறுத்த கண்கள். பொய் சொல்லும் கண்ணுக்கு இத்தனை அழகு எதற்கு என்று டல்வினாவுக்கு எரிச்சலாக வந்தது.

அமேசான் கரையில் மழை பெய்து நாலு மாதம். ஆறு இறங்கி, அதோடு சேர்ந்திருந்த ஏரி தனித்துக் கிடந்தது. மழை வரும்வரை அதில் யாரும் வலை போடக்கூடாது என்பது ஊர்க்கட்டு. இந்த வாரக் காவல் அவளுடையது.

கத்தியால் மீனின் வயிற்றைக் கிழித்தாள். வெள்ளத்தில் காடு மூழ்கியிருக்கையில் பழம் தின்று கொழுக்கும் தம்பாக்கி, வறட்சியில் ஆற்றுக்குப் போனால் பட்டினிதான். ஏரியில் மாட்டிக்கொண்டதோ தண்ணீர்ப் பூச்சியைச் சலித்துத் தின்னும். இதன் இரைப்பை நிறையப் பூச்சிகள்.

"வாய் ஆறுங்குது... வயிறு ஏரிங்குதே?"

"மீனையே சாட்சிக்குக் கூப்பிடுவீங்கன்னு தெரியாமப் போச்சு."

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பேரு ஒசேயாஸ். ஆத்துக்கு மேல்பக்கத்து ஊரு. எங்க ஏரி போன வாரம் செத்துப்போச்சுங்க. முதல்ல பழந்தின்னி மீனு, அப்புறம் சேறுதின்னி... கடைசில பிரானா மட்டும், ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கிட்டு. அண்ணன் பிள்ளைங்க வெறும் மாவைத் தின்னுதுங்க. இந்த ஒண்ணை விட்டுடுங்க."

கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு வேண்டுமென்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டவளே அவள்தான்... வீம்பு விடவில்லை.

"கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

வெறுங்கையோடு திரும்பிப் போனான். மீன் ஊர்ப் பொதுச் சமையலுக்குப் போனது. அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் தண்ணீர் கையைச் சுட்டது. ஏரி முழுக்க மல்லாந்த மீன்கள். பழந்தின்னி, சேறுதின்னி, மீன்தின்னி... எல்லாம் ஒன்றாக மிதந்தன. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் நின்றது.

மதியம், வறண்ட கால்வாய் வழியே ஒசேயாஸ் வந்தான். தோளில் மரவள்ளி மாவுச் சாக்கு.

"திருட வந்தீங்களா?" டல்வினா மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.

"இங்க திருட என்ன இருக்கு? நாத்தம் எங்க ஊர்வரைக்கும் வந்துச்சு. ஏரி செத்த முதல் நாள் யாருக்கும் அடுப்பு மூட்டத் தோணாது. எங்களுக்குத் தெரியும்."

"அன்னிக்கே குடுத்திருந்தா... பிள்ளைங்க வயித்துக்காவது போயிருக்கும்."

அவன் சாக்கை இறக்கினான்.

"அன்னிக்குப் பொய் சொன்னேன். இன்னிக்கு எந்த வயித்தையும் கிழிக்க வேண்டாம், வாயாலயே உண்மையைச் சொல்லிடறேன்... மாவு ஊருக்கு. நான் வந்தது உங்களுக்காக."

டல்வினா அழுதாள். ஏரிக்காகவும் சேர்த்துத்தான்.

"என் காவல் முந்தாநாளே முடிஞ்சுபோச்சு..." என்றாள். "அப்புறமும் நீங்க வர்ற இந்த வழியிலயேதான் நின்னுக்கிட்டிருந்தேன்."