பால் இல்லாத கடையில் பால்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் நுஸைபாவுக்கு ஒரு நிம்மதி. அன்றைக்கு மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை. மற்ற நாளெல்லாம் ஒரு பிடி அரிசி போட்டு, ஒரு கிண்ணத்தில் குழம்பு வைத்து, டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுச் சாப்பிடுவாள். நாடகம் பார்ப்பதற்காக அல்ல, வீட்டில் ஏதாவது ஒரு பேச்சுக் குரல் கேட்க வேண்டுமே என்பதற்காக. கணவர் முகமது ரபீக் ஷார்ஜாவில் பாதி வாழ்நாளைக் கழித்துவிட்டு, ஊருக்கு வந்து சேர்ந்து ஆற அமர உட்காருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் பாசித் தோகாவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வான், 'சாப்டீங்களாம்மா' என்பான், வைத்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை ஜஸ்டின் வருவான். ஆவூர்க்காரன், டவுனில் கணக்கு வாத்தியார். பால், நெய், முட்டை எதையும் தொடமாட்டேன் என்று ஒருநாள் முடிவெடுத்தவன். ஆள் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யமாட்டான். புதுக்கோட்டையில் வீகன் சாப்பாடு எங்கே கிடைத்தாலும் தேடிப் போய், படம் பிடித்து யூடியூபில் போடுவான். நுஸைபாவின் வயிற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த அன்றே, "அக்கா, நீங்க நம்ம கட்சி" என்று சேர்த்துக்கொண்டான். அப்புறம் ஸ்கூட்டரில் ஊர் சுற்றல்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் நிலக்கடலைப் பாலில் காபி, திருமயம் ரோட்டில் முந்திரிப்பால் பாயசம், கீழ மூன்றாம் வீதியில் தேவிப்ரியாவின் கருப்பட்டி அல்வா.

அன்று காலை கதவைத் தட்டியது ஜஸ்டின் மட்டும் அல்ல. அவன் பின்னால் தேவிப்ரியாவும் நின்றாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நீங்க இன்சூரன்ஸ்ல இருந்தப்ப, பொய்யா நெருப்பு வச்ச கடையெல்லாம் கண்டுபிடிப்பீங்கன்னு ஜஸ்டின் சார் சொன்னாரு. என் கடைக்கே யாரோ நெருப்பு வச்சுட்டாங்கக்கா."

"நெஜ நெருப்பா?"

"இல்ல. அல்வாவுல பால் கலந்துட்டாங்க."

நுஸைபா உட்காரச் சொல்லி, சுக்குத் தண்ணீர் கொடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

தேவிப்ரியா பழைய இடத்தை விட்டு, அதே வீதியில் கொஞ்சம் பெரிய இடத்துக்குக் கடையை மாற்றியிருந்தாள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். வீகன் கடையில் பசும்பால் எதற்கு என்று, பாகு காய்ச்ச வாங்கிய புதுப் பித்தளைப் பானையில் தேங்காய்ப்பாலை ஊற்றினாள். அது பொங்கவே இல்லை. திரிந்து எண்ணெய் மிதந்தது. திருமயத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள், மாடியில் இருக்கும் கட்டடத்துக்காரர் எல்லார் முகமும் தொங்கிப்போயிற்று. "பால் பொங்காத எடம்டி, வெளங்குமா?" என்று பெரியம்மா முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். தேவிப்ரியா சிரித்தே சமாளித்தாள். சாயங்கால பஸ்ஸில் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை காலை முதல் அல்வா. அதை வாங்கிப்போனவள் அன்புமொழி. அவள் மகள் இசைநிலாவுக்குப் பால் துளி பட்டாலும் ஆகாது, உடம்பு தடித்து மூச்சு அடைத்துவிடும். அல்வா சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இப்போது தேவலை, வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அன்புமொழி கத்தல. அதுதான்க்கா பயமா இருக்கு. 'இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க, இல்லாட்டி எல்லா அம்மாமாருக்கும் சொல்லிருவேன்'னு சொல்லிட்டாங்க. சொன்னா கடை அவ்வளவுதான்."

"யாரைச் சந்தேகப்படுறீங்க?"

அவள் தலையைக் குனிந்தாள். "வீரய்யா அண்ணனை. எங்க கடையில அல்வா கிண்டுறவரு. எதிர்க்க நெய் ஸ்வீட்டு விக்கிற சரவணக்குமார் கடையில இருந்து வந்தவரு. நேத்தே வேலைய விட்டு நிறுத்திட்டேன். துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு."

"அவரு சொல்றதக் கேக்காமலேயா?" என்றாள் நுஸைபா. குரலில் கோபம் இல்லை. ஆனால் தேவிப்ரியாவுக்குச் சுருக்கென்றது.

ஜஸ்டினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அக்கா, இதுல யோசிக்க என்ன இருக்கு? சரவணக்குமார்தான். போட்டிக் கடை, பழைய ஆளு கைவசம். ரெண்டும் ரெண்டும் நாலு!"

"கணக்கு வாத்தியார்னா எல்லாத்தையும் கூட்டித்தான் பாக்கணுமா தம்பி? கொஞ்சம் கழிச்சும் பாருங்க. வாங்க, கடையைப் பாத்துட்டு வருவோம்."

கடை நீளமான பழைய கட்டடம். முன்னால் ஷட்டர், சாவி தேவிப்ரியாவிடம் ஒன்று, வீரய்யாவிடம் ஒன்று. பின்னால் அடுப்படி. அதன் மூலையில் மாடிக்கு ஏறும் உள்படிக்கு ஒரு கதவு. தள்ளிப் பார்த்தால் அசையவில்லை.

"இதுக்குத் தாழ்ப்பா மேல்பக்கம்க்கா. மாடியில இந்தக் கட்டடத்துக்காரர் இருக்காரு. இங்கிட்டு இருந்து தொறக்க முடியாது."

நுஸைபா அடுப்பின் முன் குனிந்தாள். மேடை துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஆனால் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே, கை நுழையாத சந்தில், பழுப்பாக ஒரு கறை வழிந்து காய்ந்திருந்தது. கிழக்குப் பக்கம் மட்டும்தான். கரண்டிக் காம்பால் சுரண்டினாள். காய்ந்த தோல் மாதிரி உரிந்து வந்தது. எதிர்ப் பக்கத்து அடுப்புக் காலுக்கு அடியில் நாலாக மடித்த அட்டைத் துண்டு ஒன்று செருகியிருந்தது.

"அடுப்பு ஆடுதா?"

தேவிப்ரியா அசைத்துப் பார்த்தாள். "இல்லையே. அட்டையால இப்பத்தான் சாஞ்சு நிக்குது. இதை யாரு வச்சா?"

அப்போது வாசலில் செருமல் சத்தம் கேட்டது. கட்டடத்துக்காரர் ஆத்மநாதன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. வெளிப்படி வழியாக இறங்கி வந்திருந்தார். மனைவி இறந்த பிறகு பிள்ளைகள் சென்னையிலும் கனடாவிலுமாகப் போய்விட, மேலே தனியாக இருக்கிறார் என்று தேவிப்ரியா சொன்னாள். அவர் நுஸைபாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தேவிப்ரியாவைப் பார்த்துப் பதறினார்.

"அழுவாதம்மா. கடையை மூடிராத, காலி பண்ணுறேன்னு மட்டும் சொல்லிராத. கெழக்க பாத்துப் பொங்கின எடம்மா இது. ஒரு கொறையும் வராது."

தேவிப்ரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். ஜஸ்டின் எதிர்க் கடையையே முறைத்துக்கொண்டிருந்தான். நுஸைபா மட்டும் பெரியவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, "ஐயா, சாயங்காலம் கொஞ்சம் கீழ வந்துட்டுப் போங்க" என்றாள்.

மத்தியானம் வீரய்யாவின் வீட்டுக்குப் போனார்கள். மனுசன் வாசலிலேயே நிறுத்திப் பேசினார், அவ்வளவு ரோசம்.

"நெய்க்கடையில வேலை பாத்தவன்னா நெய்ய மடியில கட்டிக்கிட்டாங்க வருவேன்? வெள்ளிக்கிழமை அந்தப் பானையப் புளி போட்டு வெளக்கிக் கவுத்து வச்சுட்டுத்தான் வந்தேன். சனிக்கெழமை வந்து பாத்தா நிமிந்து இருக்கு, அடியில ஈரம். தேவி கழுவி வச்சிருக்கும்னு நெனச்சு, தண்ணிய விட்டு அலசிட்டுப் பாகு போட்டேன். மொத ஈடு முடிஞ்சப்பறம்தான் திரும்பப் புளி போட்டு வெளக்குனேன்."

"ஜஸ்டின் தம்பி நேத்துச் சாயங்காலம் எனக்குக் கொண்டாந்து குடுத்தது அடுத்த ஈட்டு அல்வாதான்" என்றாள் நுஸைபா. "என் வயிறு ஒண்ணும் சொல்லல."

ஸ்கூட்டரில் திரும்பும்போது ஜஸ்டின் கேட்டான். "அக்கா, சரவணக்குமாரை வரச் சொல்லவா?"

"அவரு கடையில வேவாரம் பாக்கட்டும் தம்பி. அவர இழுக்காதீங்க."

"அப்ப யாரு?"

"சாயங்காலம் சொல்றேன்" என்றாள். அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. தெரிந்ததில் அவளுக்குத் துளி சந்தோஷம் இல்லை. இன்சூரன்ஸில் இருந்தபோது உண்மை கிடைத்தால் ஒரு தெம்பு வரும். இன்றைக்கு அது வரவில்லை.

சாயங்காலம் கடையில் ஐந்து பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தேவிப்ரியா, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரய்யா, கையில் போனைப் பிடித்தபடி அன்புமொழி, ஆத்மநாதன், ஜஸ்டின்.

"பால் அல்வாவுல ஊத்துனது இல்ல" என்று ஆரம்பித்தாள் நுஸைபா. "பாகுப் பானையில இருந்து வந்துச்சு. அந்தப் பானையில சனிக்கெழமை விடியக்காலம் யாரோ பசும்பால் காய்ச்சியிருக்காங்க. அடுப்புச் சந்துல வழிஞ்ச கறை இருக்கு. தேங்காப்பால்னா எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். இது ஆடையா உரியுது. அடிப்பிடிச்ச பால் வெறும் தண்ணிக்கு அலசினாப் போகாது. வீரய்யா அண்ணன் பாகு போட்டதும் அதுல கரைஞ்சிருச்சு. அதான் மொத ஈட்டுல மட்டும் பால்."

"கெடுக்கணும்னே காய்ச்சினாங்களா?" என்றாள் அன்புமொழி.

"அங்கதான் நான் நின்னேன். கெடுக்க வந்தவன் பாலைக் கொண்டாந்து மாவுல ஊத்திட்டுப் போவான், ஒரு நிமிசத்து வேலை. இவங்க அடுப்பு மேற்குக் கால்ல அட்டை வச்சு, பானையக் கெழக்கே சாச்சு, கெழக்கு முகமா வழியிறவரைக்கும் நின்னு காய்ச்சியிருக்காங்க. புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறப்ப நாமெல்லாம் செய்யிறது. எங்க வீட்டுலயும் செஞ்சோம். இந்தக் கடை நல்லா இருக்கணும்னு நெனச்சவங்க செஞ்ச வேலை இது."

ஜஸ்டின் வாயைப் பிளந்தான். "அடேங்கப்பா! அப்ப போட்டிக் கடை இல்ல!"

"தேவிப்ரியா இந்தக் கடைக்குள்ள பசும்பாலையே விடமாட்டாங்க. சொந்தக்காரங்க வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஊருக்குப் போயிட்டாங்க. வீரய்யா அண்ணன் செஞ்சிருந்தா, பானை நிமிந்து இருந்துச்சுன்னு அவரே வாயத் தொறந்து சொல்லமாட்டாரு. ஷட்டர் பூட்டு ஒடையல. மிச்சம் இருக்கிறது அந்த மாடிக் கதவு. அதத் தொறக்க மேல இருந்துதான் முடியும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, வெள்ளிக்கிழமை பால் பொங்கவே இல்ல. அத்தனை பேரும் பாத்தாங்க, நீங்களும் இருந்தீங்க. ஆனா காலையில, 'கெழக்க பாத்துப் பொங்கின எடம்'னு சொன்னீங்க. பொங்குனத நீங்க ஒருத்தர்தான் பாத்திருக்கீங்க."

ஆத்மநாதன் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கெடுதல் நெனச்சுச் செய்யலம்மா" என்றார். "எம் பொண்டாட்டி போனதுல இருந்து இந்தக் கட்டடத்துல ஒரு சத்தம் கெடையாது. கொழாய்ல தண்ணி சொட்டுறது கூடக் கேக்கும். நீங்க சாமான் எறக்குன அன்னைக்குத்தான் ராத்திரி நல்லாத் தூங்குனேன். கீழ பாத்திரம் உருளுது, யாரோ யாரையோ திட்டுறாங்க, சிரிக்கிறாங்க. படியில உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். பால் பொங்கலைன்னதும், கடை ஓடாது, இந்தப் புள்ள காலி பண்ணிட்டுப் போயிரும்னு தோணுச்சு. அதான் ரெண்டு பாக்கெட் பாலை வாங்கிக் காய்ச்சுனேன். கழுவித்தானம்மா வச்சேன். வீகன் வீகன்னு சொல்றது ஏதோ விரதம்னு நெனச்சேன். ஒரு புள்ளைக்கு மூச்சு நிக்கும்னு சத்தியமா தெரியாது."

அன்புமொழி அவ்வளவு நேரமும் அடக்கியிருந்தது அப்போது வந்தது.

"ஐயா, எம் பொண்ணு பிறந்தநாள் வீட்டுக்குப் போனா வெறுந்தட்டோட உக்காந்திருப்பா. ஸ்கூல்ல எல்லாப் புள்ளையும் சாக்லேட்டு திங்கிறப்ப ஜன்னல்கிட்டப் போயி நின்னுக்குவா. ஊருல எத்தனை கடை இருக்கு? அத்தனையிலயும் வேடிக்கைதான் பாத்திருக்கா. இந்த ஒரு கடையிலதான் மத்த புள்ளைங்களோட உக்காந்து, 'அம்மா, எனக்கும் இன்னொண்ணு'ன்னு கேட்டா. இப்ப அல்வான்னு சொன்னாலே கைய உள்ள இழுத்துக்கிறா. உங்களுக்குச் சத்தம் வேணும்னு பாத்தீங்க. எம் பொண்ணுக்கு இனிமே எந்தக் கடை இருக்கு, சொல்லுங்க?"

தேவிப்ரியா எழுந்து வீரய்யாவின் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, உங்களைக் கேக்காமலே பேசிட்டேன். என் தப்புத்தான்." வீரய்யா அவளைப் பார்க்காமலே, "பானைய எடு, வெளக்கணும்" என்றார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

"பெரியவரே, அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டி இந்தப் பக்கம் மாட்டிருங்களேன்" என்றான் ஜஸ்டின்.

ஆத்மநாதன் தலையை அசைத்தார். "தாழ்ப்பா போதாது தம்பி. என்னைக்காவது மனசு கேக்காது, தட்டுவேன். இந்தப் புள்ளையும் பாவம் பாத்துத் தொறந்துவிட்டுரும். நாளைக்கே கொத்தனாரைக் கூட்டியாந்து அந்த வாசலச் செங்கல் வச்சு அடைச்சுர்றேன். பூச்சும் பூசிர்றேன்."

"ஐயா, சுவரு வச்சா மேல ஒரு சத்தமும் கேக்காதே" என்றாள் நுஸைபா.

"கேக்காதும்மா" என்றார் அவர். "புள்ள சாப்பிடணும்ல."

அன்புமொழி போனைக் கைப்பைக்குள் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுவரு காஞ்சதும் சொல்லுங்க, கூட்டியாறேன்" என்றாள். ஆத்மநாதன் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தெருப்பக்கம் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனார்.