கணக்கில் சேராத பயணி

மழைக்கு ஒதுங்க பஸ் நிறுத்தத்துக்குள் ஓடிவந்தவன் நேராக அவள் காலை மிதித்தான்.

“யோவ்… கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?”

“சாரிங்க… மழையில தெரியல.”

“இவ்ளோ பெரிய ஆளு நிக்கிறேன், தெரியலயா?”

முறைக்க நிமிர்ந்தவளால் முழுசாக முறைக்க முடியவில்லை. இமை நுனியில் மழைத்துளி தொங்க, அந்தக் கண்கள் திருதிருவென்று விழித்தன… சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். வேலை கிடக்கிறது.

பல்கலைக்கழகத்தில் பொருளியல், கடைசி வருஷம். ஆள் ஏறாத சாயங்கால அஞ்சரை மணி பஸ்ஸை நிறுத்தப்போவதாகப் போக்குவரத்து அலுவலகம் அறிவித்திருந்தது. ஆனால் அது அவள் அம்மாவின் பஸ். அம்மா கட்டட வேலையில் சித்தாள். முட்டிவலியோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பஸ் நின்றால் அம்மாவின் வேலையும் நின்றுவிடும். அதனால்தான் பயணிகளிடம் விவரம் கேட்டு ஆய்வு எழுதிக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்தது. அவனும் ஏறினான். அவனையும் கேட்டாள்.

“எங்க இறங்குவீங்க?”

“கடைசி ஸ்டாப்.”

“தினமுமா?”

அவளையே பார்த்தான். “இனிமே தினமும்.”

தினப்பயணி என்று எழுதிக்கொண்டாள். காது ஏனோ சுட்டது…

சொன்னபடியே தினமும் வந்தான். சன்னலோரமே உட்கார்ந்ததால் சித்தாள் பெண்கள் அவனுக்குச் ‘சன்னலு’ என்று பேர் வைத்தார்கள்.

“அப்படி என்னதான் படிக்கிறீங்க?” என்றான் ஒருநாள்.

“ஒரு பொருளுக்கு ஒருத்தர் என்னெல்லாம் விட்டுக்கொடுக்கிறாங்கன்னு. காசு மட்டும் விலையில்ல. நேரமும் விலைதான்.”

“அப்ப இந்த பஸ்லயே பெரிய ஊதாரி நான்தான்.”

அவள் சிரித்தது பின்சீட்டு வரை கேட்டது. அன்று வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள். “சட்டை கசங்காத ஆளுங்க நமக்குச் சரிப்பட மாட்டாங்கடி. படிப்ப பாரு.”

“பாக்கத்தான்மா செய்றேன்.”

“எதைன்னுதான் கேக்கறேன்.”

பஸ்ஸை நிறுத்துவது பற்றி போக்குவரத்து அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. ஆய்வறிக்கையோடு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள். மேசைக்கு அந்தப் பக்கம், மேலதிகாரிக்குப் பக்கத்தில்… சன்னலு! அவன் முன்னாலிருந்த பெயர்ப்பலகையில், பஸ்ஸை நிறுத்தச் சொன்ன பரிந்துரையில் கையெழுத்துப் போட்டிருந்த அதே பேர்.

வேவு பார்க்கவா வந்தான்? அவளுடைய அறிக்கையிலோ அவன் தினப்பயணி. அவனை எடுத்தால் இருக்கிற கொஞ்ச ஆளும் குறையும். விட்டால் அது பொய். அவள் முறை வந்ததும் எழுந்தாள்.

“என் கணக்குல ஒரு ஆளை எடுத்துடுங்க. அவருக்கு அந்த பஸ் தேவையில்ல. இதோ, எதிர்ல உக்காந்திருக்கார்.”

அறை முழுக்கத் திரும்பியது. அவன் முகம் சிவந்தது.

“ஆள் குறையட்டும். ஏன் ஏறலங்கிறதுதான் கேள்வி. வேலை முடியறது ஆறு மணி, பஸ் போறது அஞ்சரை. இதைப் பிடிக்க முன்னாடியே கெளம்பினா மேஸ்திரி அரைநாள் கூலியைப் பிடிக்கிறார். அதுதான் எங்க டிக்கெட்டோட நெஜமான விலை. அதைக் குடுக்க முடியாதவங்க இருட்டுல நடக்கிறாங்க. பஸ்ஸை ஆறேகாலுக்கு மாத்துங்க. ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. அப்பவும் காலியா போனா, நானே நிறுத்தச் சொல்றேன்.”

மேலதிகாரி அவன் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க?”

அவன் எழுந்தான். “அவங்க சொல்றதுதான் சார் சரி. நான் எழுதினது தப்பு. ஆபீஸ்ல உக்காந்து எழுதிட்டேன்.”

ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவானது. வராந்தாவில் ஓடிவந்தான்.

“மொத நாள் வேலைக்காகத்தாங்க வந்தேன். மறுநாள்லேருந்து…”

“பேசாதீங்க. என் கணக்குல என்னையே பொய் எழுத வச்சிட்டீங்க.”

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்திருந்தால் நின்றிருப்பாள்… அது அவளுக்கே தெரியும்.

ஆறேகால் பஸ் பிதுங்கியது. மாதம் முடிந்து, அந்த நேரமே நிரந்தரம் என்று அறிவிப்பு வந்தது. பெண்கள் அவளைத் தூக்காத குறை. அவள்தான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாசலைப் பார்த்தாள். வரச்சொல்லித் தொலைத்திருக்கலாம்…

மறுநாள் சாந்துச் சட்டிகளுக்கு நடுவே ஒரு தலை முண்டியடித்து ஏறியது.

“என்ன தம்பி, ஆபீஸ் வேலையா?” அம்மாதான் முதலில் கேட்டாள்.

“இல்லம்மா, சொந்த வேலை. உங்க பொண்ணுகிட்ட மறைச்சதுக்கு மன்னிப்பு கேக்கணும். அப்புறம்… அவங்கள ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்லணும். உங்க முன்னாடியே.”

அம்மா மகளைப் பார்த்தாள். “இவ அப்பாகூட இவ்ளோ தெளிவா சொன்னதில்ல. நீ என்னடி சொல்ற?”

அவள் எழுந்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

“எனக்கும் பிடிச்சிருக்கு. அந்தக் கூட்டத்துலயே பிடிச்சிருச்சு. மேலதிகாரி முன்னாடி, தான் எழுதினதே தப்புன்னு சொன்ன ஆளை நான் அதுவரைக்கும் பாத்ததில்ல…”

“அப்ப அந்தப் பக்கம் நகர்ந்து உக்காருடி,” என்றாள் அம்மா. “தம்பி ஒத்தக் கால்ல நிக்குது.”

நகர்ந்தாள்.