இடது ஓரத்துச் செந்நாயுருவி

"ரோட்டுக்கு ஒரு ஓரத்துல மட்டும் செடி மொளைக்குமா சார்? எதிர் ஓரத்துக்குப் போக சோம்பேறித்தனம் இவங்களுக்கு!" என்றான் வளவன். ஆறாம் வகுப்பே சிரித்தது.

கவிநிலாவுக்கு அழுகை முட்டியது. மலையைச் சுற்றிப் போகும் சாலையில் அவளும் சதஃபும் கால் கடுக்க அலைந்து வரைந்த செடி வரைபடம் அது. தண்டு பச்சையாக இருந்தால் சாதா நாயுருவி. சிவந்திருந்தால் செந்நாயுருவி. பச்சை எங்கும் இருந்தது. சிவப்போ அடி அண்ணாமலை பக்கம், சாலையின் இடது ஓரத்தில் மட்டும்!

"ஏன்னு காரணம் சொன்னா நாளைக்குக் கண்காட்சியில மாட்டலாம்மா. இல்லன்னா கஷ்டம்," என்றார் அறிவியல் ஆசிரியர் சின்னசாமி.

அன்று பௌர்ணமி. பள்ளி விட்டபோதே கூட்டம் மலை சுற்றக் கிளம்பியிருந்தது. அடி அண்ணாமலை பக்கம், பாதி வழி நடந்த களைப்பில் இடது ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, குனிய முடியாமல் தவித்தார்.

"பாப்பா, பொடவை பூரா ஏதோ ஒட்டிக்கினு கீது. எடுத்துவுடேன்."

அவ்வழியே வந்த கவிநிலாவும் சதஃபும் உட்கார்ந்து பிய்த்துப் போட்டார்கள். சட்டென்று கவிநிலாவின் கை நின்றது. நாயுருவி விதை!

"எங்க ஒட்டிச்சும்மா இது?"

"கீழ்பென்னாத்தூர்ல. எங்க மல்லாட்டைக் கொல்லை வழியா வந்துதான் பஸ் ஏறினேன். வரப்பு முழுக்க இந்தச் செவப்புத் தண்டுச் செடிதான்."

"எதிர்ல மரத்தடி இருக்குதே, அங்க உக்காரலாமேம்மா?"

"ஐயோ, அது சித்தருங்க கண்ணுக்குத் தெரியாம நடக்கிற பக்கம்! மனுசங்க இந்த ஓரமாத்தான் போவணும்."

கவிநிலா துள்ளி எழுந்தாள். "சதஃப்! செடி பொடவையில ஏறி பஸ்ல வந்திருக்குடி!"

"எல்லாரும் இந்த ஓரத்துலயே பிய்ச்சுப் போட்டா, இந்த ஓரத்துலதானே மொளைக்கும்!" என்று சதஃப் கத்தினாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்த குதியில் அந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை இதைக் கேட்டதும் சின்னசாமி சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து வளவன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"ரெண்டு ஓரமும் தேடிட்டேன் சார். எதிர்ல ஒரு செவப்புகூட இல்ல. அவ சொன்னது நெஜம்தான்."

"அப்போ மாட்டிட வேண்டியதுதான்!" என்றார் சார்.

வளவனின் கால்சட்டையைப் பார்த்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அதில் விதைகள் அப்பிக் கிடந்தன. அவன் அசட்டுச் சிரிப்போடு ஒன்றைப் பிய்த்து ஜன்னல் வழியே எறியப் போனான்.

"டேய், இங்க போடாத!" என்று கவிநிலா பாய்ந்து தடுத்தாள். "அப்புறம் நம்ம ஸ்கூலையும் வரைபடத்துல சேக்கணும்!"