தானம் கொடுத்த மணிக்கட்டு

சீனியர் இன்னும் தொடவே இல்லை. அதற்குள் அவள் “தொட்டீங்க” என்று சொல்லிவிட்டாள்.

“இல்லையேம்மா. கண்ணைத் திறந்து பாரு.”

திறந்து பார்த்தாள். நைலான் இழை சீனியரின் விரலிடுக்கில், அவளுடைய இடது மணிக்கட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றிருந்தது. கைச் சிகிச்சைப் பிரிவில் அவளுக்கும் சீனியருக்கும் ஒரே வேலைதான். முன்கையிலிருந்து தோலும் சதையும் எடுத்து வாயிலோ முகத்திலோ வைத்துத் தைத்தவர்களுக்கு, எடுத்த இடம் எப்படி ஆறுகிறது என்று பார்க்க வேண்டும். கட்டைவிரல் பக்கம் எடுத்தவர்கள் ஒரு குழு, சுண்டுவிரல் பக்கம் எடுத்தவர்கள் இன்னொரு குழு. யாருக்குத் தழும்பு குறைவு, யாருக்குப் பிடி தளரவில்லை, யாருக்கு உணர்ச்சி திரும்புகிறது என்று ஒப்பிட வேண்டும். கண்ணை மூடச் சொல்லி இழையால் தொடுவார்கள். நடுநடுவே வேண்டுமென்றே தொடாமல் சும்மா இருப்பார்கள். அப்போதும் “தொட்டீங்க” என்று சொல்பவரின் பதிலை நம்பக் கூடாது. அப்படி எத்தனையோ பேரைப் பிடித்து அவளே கேலி செய்திருக்கிறாள். இன்று தானே மாட்டிக்கொண்டது வெட்கமாக இருந்தது.

“ஏதோ சூடா, ஈரமா பட்டுச்சு” என்றாள்.

“ஈரமாவா? ஊசி வச்சாக்கூட உனக்கு அங்க தெரியலையே. போன தடவைதானே பார்த்தோம்.” சீனியர் இழையை உறையில் போட்டார். “வீட்டுக்குப் போய்ப் படு. உன்னை அப்புறம் பட்டியல்ல சேர்த்துக்கறேன்.”

அவள் மணிக்கட்டிலிருந்து எடுத்த தோல் தங்கைக்குப் போயிருந்தது. இரட்டையர், ஒருத்தியை அதட்டினால் இன்னொருத்தி அழுவாள் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். சில நிமிடம் பிந்திப் பிறந்ததால் தங்கைக்கு இன்றுவரை ‘குட்டி’ என்றுதான் பெயர். குட்டிக்குக் கீழுதட்டில் புற்று வந்து வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அவள் கையிலிருந்தே தோல் எடுக்கலாமென்றால், தோலோடு சேர்த்து எடுக்கிற ரத்தக்குழாய் போனால் அவள் விரல்கள் கறுத்துவிடும் என்றார் டாக்டர். “எங்கிட்ட எடுத்துக்கங்க, ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புதானே” என்று இவள்தான் முந்திக்கொண்டாள். கணவர் அன்று தழுதழுத்துப்போய், கட்டுப் போட்ட கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்பு இப்போதும் அவளுக்கு இனித்தது.

வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆபீசில் மீட்டிங், வரத் தாமதமாகும் என்று கணவர் காலையிலேயே சொல்லியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு விளக்குக்கூடப் போடாமல் சோபாவில் உட்கார்ந்தாள். ஈரத்துணி வாடை, சமையலறைக் குழாயிலிருந்து பாத்திரத்தில் சொட்டும் தண்ணீர், பால்கனிக் கம்பியில் மழை தட்டித் தட்டி ஓயும் சத்தம். எதிர்வீட்டு வெளிச்சத்தில் ஜன்னல் திரையின் நிழல் சுவரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று மணிக்கட்டில் சில்லென்றது. பனிக்கட்டியை வைத்து அழுத்திய மாதிரி. தடவிப் பார்த்தாள். தோல் காய்ந்துதான் இருந்தது.

ஏனென்று தெரியாமலே தங்கைக்குப் போன் போட்டாள்.

“என்னடி பண்ற?”

“சும்மாதான் இருக்கேன். ஐஸ் தண்ணி குடிச்சிட்டிருக்கேன்.” புது உதட்டில் வார்த்தைகள் கொஞ்சம் வழுக்கின. “அக்கா, யாரோ பெல் அடிக்கிறாங்க. வைக்கிறேன்.”

போனைச் சோபாவில் போட்டாள். சே, ஐஸ் தண்ணீர் யார்தான் குடிக்கவில்லை? தொடாததைத் தொட்டதாகச் சொல்பவர்களைப் போல ஆகிவிட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு, வேலைக்குத் தகுந்த புத்தி, தன்னையே சோதித்துப் பார்க்க நினைத்தாள். கையை மடியில் மல்லாத்தி வைத்தாள். கண்ணை மூடினாள்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. அப்பாடா என்றிருந்தது.

அப்போதுதான் மூச்சு பட்டது. தழும்பின் மேல் மட்டும், வெதுவெதுப்பாக, யாரோ மிக அருகில் குனிந்த மாதிரி. பிறகு குறுகுறுப்பு. கத்தரித்த மீசையின் குத்தல். அதன் பின்னால், மெல்ல மெல்லப் பரவும் எரிச்சல்.

கிராம்பு.

சிகரெட்டை விட்டதிலிருந்து கணவர் கிராம்பை மென்றுகொண்டேயிருப்பார். “உங்களோட குடும்பம் நடத்தினா பல்வலியே வராது” என்று கல்யாணமான புதிதில் அவள் கிண்டல் செய்ததுண்டு. அந்த எரிச்சலை அவள் உதடு அறியும். இப்போது அது மணிக்கட்டில் எரிந்தது.

தோலுக்குள் ஏதோ ஒட்டிப் பிரிந்தது. மறுபடி ஒட்டிப் பிரிந்தது. ஓர் உதடு பேசும்போது ஒட்டுவதைப் போல.

மா. மா.

குட்டி அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

பாவிகளா, என் தோலாலேயா. அழுகைகூட வரவில்லை. இழுப்பறையைத் திறந்தாள். தையல் ஊசி. இருட்டிலேயே தழும்பில் குத்தினாள். வலிக்கவில்லை. ஆழமாகக் குத்தினாள். வலிக்கவே இல்லை. முத்து முத்தாக ரத்தம்.

போன் அடித்தது. கணவர்.

“சீக்கிரம் வாயேன். குட்டிக்கு உதட்டுல திடீர்னு ரத்தம் கொட்டுது, வலியில துடிக்கிறா...” பேச்சு அப்படியே நின்றது. எங்கிருந்து பேசுகிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“மீட்டிங் முடிஞ்சுதாங்க?” என்று கேட்டாள்.

போன் கை மாறியது.

“ஊசியை எடுக்கா.” தங்கையின் குரல் ஈரமாக, நிதானமாக இருந்தது. “கட்டுப் பிரிச்ச நாள்ல இருந்து எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை அவர் உன் கையைப் பிடிச்சப்பவும் என் உதட்டைத்தான் தொட்டார். நான் என்ன பண்ணுவேன்? எல்லாம் நீ குடுத்ததுதானே.”

போன் அணைந்தது.

எழுந்து விளக்கைப் போட்டாள். ஊசியை உருவி மேசையில் வைத்தாள். வீட்டில் யாருமில்லை. கதவு பூட்டியிருந்தது. கையை வெளிச்சத்தில் நீட்டினாள்.

தழும்பில் ஒரு பள்ளம் விழுந்தது.

பக்கத்தில் இன்னொன்று. பிறகு வளைவாக ஒரு வரிசை. நடுவில் சிறிய இடைவெளி. அவளுக்கும் தங்கைக்கும் முன்பற்களில் ஒரே மாதிரி இருக்கிற இடைவெளி.

யாரும் தொடவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். யாரும் தொடவில்லை.

வலித்தது. முதல்முறையாக அந்த இடத்தில் வலித்தது.

பள்ளங்கள் இறங்கிக்கொண்டே போயின.